அவரவர் பக்கம்: சிட்டாவிலிருந்து டெம்ப்ளேட் வரை

எங்கள் ஓய்வூதியர் சங்கத்துக்கு இணையப் பக்கம் செய்த கதையைச் சொல்கிறேன் என்று முன்பு ஒரு பதிவில் எழுதியிருந்தேன். இரண்டு மூன்று பேர் நேரில் பார்த்தபோது கேட்டார்கள். சொல்லத் தயங்கியதற்குக் காரணம், அதில் என் தவறும் இருக்கிறது. இப்போது சொல்லிவிடுகிறேன். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால் கிராமக் கணக்கிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பழைய வருவாய்த் துறை ஆள், வேறு எங்கிருந்து ஆரம்பிப்பேன்?

நான் 1981ல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். அப்போது திருவண்ணாமலை தனி மாவட்டம் இல்லை. வட ஆர்க்காட்டில் ஒரு தாலுகா. எதற்கெடுத்தாலும் வேலூருக்குப் பஸ் ஏற வேண்டும். 1989 செப்டம்பர் 30ல்தான் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் பிறந்தது. நான் சேர்ந்ததற்குச் சில மாதங்கள் முன்னால், 1980 நவம்பர் 14 அன்று, எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்திருந்தது. அவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1982ல் அந்த நீதிமன்றமும் அரசு செய்தது செல்லும் என்று சொல்லிவிட்டது. கிராம நிர்வாக அலுவலர் என்ற பெயர் அப்போதுதான் ஊருக்குள் வந்தது.

அதற்கு முன் கிராமக் கணக்கு என்பது கர்ணம் வீட்டு மரப்பெட்டியில் இருந்தது. அப்பன் எழுதியதை மகன் எழுதுவார். யாருக்கு எந்த சர்வே எண், எவ்வளவு தீர்வை, எந்தப் புறம்போக்கை யார் உழுகிறார்கள் என்பதெல்லாம் அவர் கையிலும் தலையிலும் இருந்தது. "என் நிலம் எதுங்க?" என்று ஒரு குடியானவர் கேட்டால் கர்ணம்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். சொன்னதுதான் கணக்கு. நல்ல கர்ணங்களும் இருந்தார்கள், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒருவர் தன் சொத்தைத் தானே பார்க்க முடியாமல் இன்னொருவர் வாயைப் பார்த்து நின்றார் என்பது உண்மை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தக் கணக்குகள் துணி மூட்டைகளில் கட்டி அலுவலகத்துக்கு வந்துகொண்டிருந்தன. அவற்றைப் பிரித்து அடுக்குவதுதான் எனக்குக் கிடைத்த முதல் வேலை.

அடுக்கும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். ஒரே நிலம் மூன்று புத்தகங்களில் வருகிறது.

முதலில் 'அ' பதிவேடு. இது சர்வே எண் வரிசை. 1, 2, 3 என்று ஊரின் ஒரு மூலையில் ஆரம்பித்து மறு மூலை வரை போகும். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே நஞ்சையா புஞ்சையா, மண் வகை, தரம், பரப்பு, தீர்வை, கடைசியில் பட்டா எண்ணும் பெயரும். இரண்டாவது சிட்டா. கிராமக் கணக்கில் இது 10(1). இது பட்டா எண் வரிசை, அதாவது ஆள் வரிசை. ஒருவருடைய பட்டா எண்ணைத் திறந்தால் அவருக்கு ஊரில் எங்கெங்கே எத்தனை துண்டு இருக்கிறதோ அத்தனையும் ஒரே பக்கத்தில் வரும். மூன்றாவது அடங்கல், 2ஆம் எண் கணக்கு. அதில் ஒவ்வொரு பசலியிலும் எந்தப் புலத்தில் என்ன பயிர் என்று இருக்கும். பசலி ஜூலை 1ல் ஆரம்பித்து ஜூன் 30ல் முடியும். ஆங்கில வருடத்திலிருந்து 590ஐக் கழித்தால் பசலி. 2024 ஜூலையில் தொடங்கியது 1434.

நிலம் ஒன்றுதான். கேட்கிற கேள்விதான் வேறு. "இந்த இடம் யாருடையது?" என்று கேட்டால் 'அ' பதிவேடு. "இந்த ஆளுக்கு எது எது?" என்று கேட்டால் சிட்டா. இரண்டையும் கட்டி வைத்திருக்கும் கயிறு பட்டா எண். அந்த எண் ஓர் இடத்தில் தவறினால் இரண்டும் கழன்றுவிடும்.

நம் பெரிய கோயில் மதில்களைப் பாருங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. மன்னன் பெயர், ஆட்சி ஆண்டு, கொடுத்தவர், கொடுத்தது, எதற்காக என்று வரிசையாக எழுதியிருக்கும். சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடு என்ற கணக்கு அடிக்கடி வரும். அவை ஆள் வரிசையில் இல்லை. சுவரில் எங்கே இடம் கிடைத்ததோ அங்கே வெட்டியிருக்கிறார்கள். ஒருவர் கொடுத்த தானம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டுமென்றால் பிராகாரம் முழுக்கச் சுற்ற வேண்டும். ஆள் வாரியாகக் கணக்கைப் பிரித்துக் காட்டுவது தனியாக ஒரு வேலை. சும்மா எழுதி வைத்தால் அது வந்துவிடாது.

நம் பக்கத்தில் அந்த வேலை பெரிய அளவில் ஆரம்பித்த இடம் தூரத்தில் இல்லை. செங்கம் கணவாயைத் தாண்டினால் பாராமகால், இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம். 1792ல் திப்பு சுல்தானிடமிருந்து அது கும்பினியார் கைக்கு வந்தபோது அலெக்சாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரியை அங்கே அனுப்பினார்கள். அவருக்கு உதவியாளராகப் போனவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ, பிற்பாடு 1820ல் சென்னை கவர்னர் ஆனவர். ஜமீன்தாரிடம் மொத்தமாக வரி வாங்காமல், ஒவ்வொரு குடியானவரோடும் நேரடியாகக் கணக்கு வைக்கும் ரயத்துவாரி முறை அங்கே உருவானது. ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டா. அதன் நோக்கம் வரி வசூல்தான், குடியானவர் மேல் கொண்ட கருணை ஒன்றும் இல்லை. ஆனாலும் சாதாரண ஆள் ஒருவருக்கு அரசாங்கப் புத்தகத்தில் அவர் பெயரில் ஒரு பக்கம் வந்தது அப்போதுதான்.

அந்தப் பக்கத்தில் தவறு வந்தால் என்ன ஆகும் என்று என் வீட்டிலேயே பார்த்தேன்.

1979ல் நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்கும் திட்டம் வந்தது. எங்கள் வாயில் அது யு.டி.ஆர்., 1987 வரை நடந்தது. ஊர் ஊராகப் போய், யார் அனுபவத்தில் இருக்கிறார்கள் என்று விசாரித்து, புதிய 'அ' பதிவேடும் சிட்டாவும் எழுதினார்கள். ஏக்கர் சென்ட் போய் ஹெக்டேர் ஏர்ஸ் வந்தது. பெரிய வேலை, நல்ல வேலை. ஆனால் ஆயிரக்கணக்கான ஊர்களில் கையால் எழுதியது. யு.டி.ஆர். பிழை திருத்தம் கேட்டு இன்றைக்கும் மனுக்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

எங்கள் ஊர்ப்பக்கம் ஆண்களில் பாதிப் பேர் அண்ணாமலை, மீதிப் பாதி அருணாசலம். பெண்களில் உண்ணாமலை. என் அத்தைக்கும் அப்படி ஒரு பெயர்தான். அதே ஊரில் அதே பெயரில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அத்தைக்கு இருந்தது 60 சென்ட் புஞ்சை, மணிலா போடுவார். புதிய சிட்டா எழுதும்போது அந்த 60 சென்ட் இன்னொரு அம்மாவின் பட்டா எண்ணில் ஏறிவிட்டது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. பெயரைப் பார்த்தார்கள், கணவர் பெயரைப் பார்க்கவில்லை. உழுதது அத்தை, அறுத்தது அத்தை, அடங்கலில் பயிர் ஏறியதும் சரியாகத்தான். ஆனால் சிட்டாவில் அத்தையின் பக்கத்தைத் திறந்தால் காலி. இந்த விஷயம் தெரிந்ததே பயிர்க்கடன் வாங்கப் போனபோதுதான். "உங்க பேர்ல நிலமே இல்லையேம்மா" என்று சொல்லியிருக்கிறார்கள். அத்தை வீட்டுக்கு வந்து அழவில்லை. "நான் இத்தினி வருசம் யார் நெலத்தடா உழுதேன்?" என்று என்னைக் கேட்டார். வருவாய்த் துறையில் வேலை பார்க்கும் மருமகன் நான், எனக்குப் பதில் வரவில்லை.

ஜமாபந்தியில் மனு கொடுத்தோம். ஜமாபந்தி தெரியாத இளைஞர்களுக்காகச் சொல்கிறேன்: பசலி முடியும் சமயத்தில், கோடையில், தாலுகா அலுவலகத்தில் ஒவ்வொரு கிராமக் கணக்கையும் மேலதிகாரி முன்னால் திறந்து வைத்துச் சரிபார்ப்பார்கள். பொதுமக்கள் வந்து மனுக் கொடுக்கலாம். அத்தை மனுவுக்கு விசாரணை நடந்தது. அக்கம் பக்கத்து நிலக்காரர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். அந்த இன்னொரு அம்மாவே வந்து, "அது எங்களுது இல்லீங்க, அவங்க நெலம்" என்று சொன்னார். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பல நாள் யோசித்ததுண்டு. திருத்த உத்தரவு வர இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம்: கணக்கு திறந்திருக்க வேண்டும். பெட்டிக்குள் இருந்தால் பிழை வெளியே தெரியாது. எல்லோரும் பார்த்தால் யாராவது ஒருவர் "இது தப்பு" என்று சொல்வார். அந்தப் பாடத்தை நான் கொஞ்சம் அதிகமாகவே நம்பிவிட்டேன். அதுதான் பின்னால் வந்த வினை.

கணினிக்கு வருவோம். நாம் மூன்று புத்தகமும் ஒரு பட்டா எண்ணும் வைத்திருந்ததை உலகம் கணிதமாக எழுதிக்கொண்டது 1970ல். ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் என்ற ஆங்கிலேயர், தகவல்களை அட்டவணைகளாக வைக்கலாம், ஓர் அட்டவணையையும் இன்னொன்றையும் பொதுவான எண்ணால் இணைக்கலாம், யார் என்ன கேட்டாலும் அந்த இணைப்பின் வழியாகவே பதிலை உருவாக்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். அதற்காக 1981ல் டூரிங் பரிசும் வாங்கினார். நான் தாலுகா அலுவலகத்தில் மூட்டை பிரித்துக்கொண்டிருந்த அதே வருடம்! இன்று வங்கி, ரேஷன், ரயில் டிக்கெட் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது பெரும்பாலும் அந்த யோசனைதான். 1988-89ல் மத்திய அரசு நில ஆவணங்களைக் கணினியில் ஏற்றும் திட்டத்தைத் தொடங்கியது. பிறகு தமிழ்நிலம் வந்தது. இன்று வீட்டில் உட்கார்ந்தபடி மாவட்டம், தாலுகா, கிராமம், பட்டா எண் கொடுத்தால் சிட்டா செல்போனில் வருகிறது. சர்வே எண் கொடுத்தாலும் வருகிறது. யாருடைய சிட்டாவையும் யாரும் பார்க்கலாம்.

நான் 2014ல் ஓய்வு பெற்றேன். சில வருடம் கழித்து நண்பர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சிறிய ஓய்வூதியர் சங்கத்தில் கணக்குப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. இருநூறு பேருக்குள்தான். மாதச் சந்தா, பண்டிகை முன்பணம், மருத்துவக் கடன், ஈமச் சடங்கு உதவி என்று நாலைந்து வகை. எல்லாம் என் கையெழுத்தில் நோட்டுப் புத்தகம். கண் சரியில்லாமல் போனதும், என் தம்பி மகளிடம் சொன்னேன். பெங்களூரில் மென்பொருள் வேலை. "ஒரு பக்கம் போட்டுக் குடும்மா, அவங்கவங்க உள்ள போயி அவங்கவங்க கணக்கப் பார்த்துக்கட்டும்." சனி, ஞாயிறுகளில் உட்கார்ந்து ஜாங்கோவில் செய்தாள்.

ஜாங்கோ என்பது இணையப் பக்கம் கட்டும் சட்டகம். அதன் வரலாறு எனக்குப் பிடித்திருந்தது. அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரின் உள்ளூர்ப் பத்திரிகை லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட். 2003ல் அங்கே வேலை பார்த்த ஏட்ரியன் ஹொலோவாட்டி, சைமன் வில்லிசன் இருவரும், செய்தி அவசரத்துக்கு ஈடுகொடுக்கிற மாதிரி வேகமாகப் பக்கம் கட்டுவதற்காகப் பைத்தான் மொழியில் இதை ஆரம்பித்தார்கள். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிதார் கலைஞரின் பெயரை வைத்து, 2005 ஜூலையில் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள்.

அதில் மூன்று பாகம். மாடல், வியூ, டெம்ப்ளேட். தம்பி மகள் விளக்கியபோது எனக்கு உடனே பிடிபட்டது. மாடல் என்பது பதிவேடு. டெம்ப்ளேட் என்பது அச்சடித்த படிவம். 'பெயர்', 'தொகை' என்று இடம் விட்டிருக்கும், உள்ளே வந்ததை நிரப்பிக் காட்டும். நடுவில் வியூ. அது குமாஸ்தா. யார் கேட்கிறார்கள் என்று பார்த்து, பதிவேட்டிலிருந்து எதை எடுக்க வேண்டுமோ அதை மட்டும் எடுத்துப் படிவத்தில் வைப்பது அதன் வேலை.

பக்கம் தயாரானது. உதவி வகைகள் தலைப்பு தலைப்பாக வரும், ஒவ்வொன்றின் கீழும் வாங்கிய தொகை, கட்டியது, பாக்கி. என் கணக்கை மட்டும் ஏற்றிக் காட்டினாள். நான் உள்ளே போய்ப் பார்த்தேன். பண்டிகை முன்பணம் ஒன்று, மருத்துவக் கடன் ஒன்று, இரண்டும் என்னுடையதுதான். பைசா சுத்தம். "சரியா இருக்கும்மா" என்றேன். பிறகு எல்லோர் கணக்கையும் நோட்டிலிருந்து நானே ஒரு மாதம் உட்கார்ந்து ஏற்றினேன். ஏற்றியபின் யார் பக்கம் எப்படித் தெரிகிறது என்று நான் திறந்து பார்க்கவில்லை.

மாதக் கூட்டத்தில் எல்லோரும் செல்போனில் திறந்தார்கள். மருத்துவக் கடன் தலைப்பின் கீழ் எல்லோருடைய கடனும் எல்லோருக்கும் தெரிந்தது. பெயர், தொகை, என்ன சிகிச்சைக்காக என்ற குறிப்பு உட்பட.

என் பழைய நண்பர் ஒருவர், பெயர் வேண்டாம், மனைவியின் சிகிச்சைக்காகப் பெரிய தொகை வாங்கியிருந்தார். என்ன நோய் என்று அவர் பிள்ளைகளுக்கே முழுதாகச் சொல்லியிருக்கவில்லை. இரண்டு தவணை பாக்கி வேறு. பக்கத்து நாற்காலிக்காரர் கெட்ட எண்ணம் இல்லாமல்தான் கேட்டார்: "அண்ணி எப்படி இருக்காங்க? நீங்க சொல்லவே இல்லையே." நண்பர் போனை மடியில் கவிழ்த்து வைத்தார். டீ வருவதற்குள் எழுந்து போய்விட்டார்.

அன்று இரவு தம்பி மகளிடம் பேசினேன். அவள் குரல் நடுங்கியது. "என் தப்பு பெரியப்பா. வகைக்குக் கீழ இருக்கிற கடனெல்லாம் குடுன்னு டெம்ப்ளேட்ல எழுதிட்டேன். உங்க கணக்கு மட்டும் இருந்தப்ப உங்களுது மட்டும் வந்துச்சு. சரின்னு நெனச்சுட்டேன்."

அவள் சொன்னதைப் புரிந்துகொண்ட விதத்தில் எழுதுகிறேன், தெரிந்தவர்கள் திருத்துங்கள். ஒரு வகையிலிருந்து அதைச் சேர்ந்த கடன்களுக்குப் போகும் வழியை ஜாங்கோ தானாகவே கொடுக்கிறது. டெம்ப்ளேட்டில் ஒரே வரியில் எழுதிவிடலாம். ஆனால் அந்த வழி 'இந்த வகையில் உள்ள எல்லாம்' என்றுதான் போகும். 'அதில் இவருடையது மட்டும்' என்று டெம்ப்ளேட்டுக்குள் நிபந்தனை சொல்லி வாங்க முடியாது. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். பக்கத்தை அழகு செய்கிறவர் நிரல் தெரியாதவராக இருக்கலாம், தீர்மானங்கள் படிவத்துக்குள் இருக்கக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. டெம்ப்ளேட்டில் 'இவர் பெயர் என்றால் மட்டும் காட்டு' என்று போடலாம். அது எல்லோர் கணக்கையும் மேசை மேல் கொட்டிவிட்டு மற்றவர்களுடையதைக் கையால் மறைத்துக் காட்டுவது போல. சரியான இடம் வியூ. உள்ளே வந்தவர் யார் என்று பார்த்து, அவர் எண்ணோடு சேர்ந்த கடன்களை மட்டும் பதிவேட்டிலிருந்து எடுத்து, வகை வாரியாக அடுக்கிப் படிவத்திடம் கொடுக்க வேண்டும். இதற்கென்றே 2014ல் வந்த ஜாங்கோ 1.7ல் ஒரு வசதி சேர்த்தார்களாம். வகைகளை எடுக்கும்போதே, ஒவ்வொன்றோடும் இவருடைய கடன்களை மட்டும் சேர்த்துக் கொண்டுவா என்று ஒரே தடவையில் சொல்லிவிடலாம். அதில் வேகமும் கூடுதல். எங்கள் ரிகார்டு ரூம் உதவியாளரிடம் ஒவ்வொரு பெயராகச் சொன்னால் ஒவ்வொரு தடவையும் ஏணி ஏறி இறங்குவார். பட்டியலாகக் கொடுத்தால் ஒரே ஏற்றத்தில் எல்லாக் கட்டும் வரும். அதே கதைதான்.

மறுநாளே மாற்றிவிட்டாள். ஆனால் அதோடு விடவில்லை. ஒரு கடனைத் தொட்டால் அதன் விவரம் தனிப் பக்கத்தில் வரும், முகவரியின் கடைசியில் கடன் எண் இருக்கும். "இப்ப அந்த எண்ண மாத்திப் பாருங்க பெரியப்பா" என்றாள். 41ஐ 42 ஆக்கினேன். இன்னொருவர் கடன் வந்தது! பட்டியலை மூடினோம், பக்கக் கதவு திறந்தே இருந்திருக்கிறது.

இது எங்கள் சிறிய சங்கத்தில் மட்டும் நடக்கிற தவறு இல்லை. அமெரிக்காவில் சொத்துப் பத்திரங்களுக்குக் காப்பீடு செய்யும் பெரிய நிறுவனம் ஃபர்ஸ்ட் அமெரிக்கன். 2019 மே மாதம் பிரையன் கிரெப்ஸ் என்ற பத்திரிகையாளர் வெளியிட்ட செய்தி: அதன் தளத்தில் ஓர் ஆவணத்தின் முகவரியில் எண்ணை மாற்றினால் அடுத்தவர் ஆவணம் வந்துகொண்டே இருந்தது. கடவுச்சொல் வேண்டியதில்லை. சுமார் 88.5 கோடி ஆவணங்கள், 2003 வரை பின்னோக்கி, வங்கிக் கணக்கு எண்களோடு. இணையப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு 2017ல் வெளியிட்ட பத்துப் பெரிய அபாயங்களின் பட்டியலில் இந்த வகைத் தவறு 5ஆம் இடத்தில் இருந்தது. 2021 பட்டியலில் முதல் இடத்துக்கு வந்துவிட்டது.

தம்பி மகள் அதையும் அடைத்தாள். இப்போது கடன் எண்ணை மட்டும் வைத்துத் தேடாமல், கடன் எண்ணும் கேட்கிறவரும் சேர்ந்து பொருந்தினால்தான் எடுக்கும். பொருந்தாவிட்டால் 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று கூடச் சொல்லாது, 'அப்படி ஒரு பக்கமே இல்லை' என்று சொல்லும். அனுமதி இல்லை என்று சொன்னாலே அங்கே ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிடும் அல்லவா? கேட்கிறவர் யார் என்பதைப் பெயரை வைத்தும் முடிவு செய்வதில்லை, உறுப்பினர் எண்ணை வைத்துத்தான். சங்கத்தில் அருணாசலங்கள் மட்டும் ஒன்பது பேர். அத்தை இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

நிரல் சரியாகிவிட்டது. நண்பர் இரண்டு மாதமாகக் காலை நடைக்கு வரவில்லை. பௌர்ணமி கிரிவலத்துக்கும் காணோம். இருபது வருடமாக இருவரும் சேர்ந்து சுற்றுகிறோம். 14 கிலோமீட்டரை அந்தத் தடவை தனியாக நடந்தேன். நடந்துகொண்டே யோசித்ததில் ஒன்று புரிந்தது. பெண்ணின் தவறு ஒரு வரி. என் தவறு அதற்கு முந்தியது. ஆரம்பத்தில் அவள் கேட்டிருந்தாள்: "சிகிச்சைக் குறிப்பெல்லாம் ஏத்தணுமா பெரியப்பா?" நான் சொன்னேன்: "எல்லாம் ஏத்தும்மா. கணக்குன்னா தொறந்துதான் இருக்கணும். ஜமாபந்தில நாங்க எதையும் மறைச்சதில்ல."

அடுத்த நாள் அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "சார், என் நிலத்த எவன் வேணா பார்க்கட்டும். நானே உங்க கூட உட்கார்ந்து ஊர் முழுக்கச் சிட்டா எழுதினவன்தான். என் வீட்டுக்காரி உடம்ப ஏன் சார் கூட்டத்துல வச்சீங்க?"

இதற்கு என்ன சொல்வது? வீட்டுக்கு வந்து வெகு நேரம் யோசித்தேன். நிலம் திறந்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. வாங்குகிறவர், பக்கத்து நிலக்காரர், கடன் கொடுக்கிற வங்கி எல்லோரும் அந்தக் கணக்கை நம்பித்தான் நடக்கிறார்கள். கோயில் மதிலில் தானத்தை வெட்டி வைத்ததும் ஊரே அதற்குக் காவல் என்பதால்தான். என் அத்தையின் 60 சென்ட் திரும்பி வந்ததும் நாலு பேர் பார்த்ததால். ஆனால் ஒருவர் வாங்கிய மருத்துவக் கடனில் பக்கத்து நாற்காலிக்காரருக்கு எந்த உரிமையும் இல்லை, எந்தக் காவல் வேலையும் இல்லை. சங்கத்தின் மொத்தக் கடன் எவ்வளவு, எவ்வளவு திரும்பி வந்தது என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டியது. யார் வாங்கினார், எதற்கு என்பது அவருக்கும் கணக்குப் பார்க்கிறவருக்கும் மட்டும். இந்தக் கோட்டை நிரல் போடமுடியாது. நாம் போட்டுக் கொடுத்தால் அது காப்பாற்றும்.

நம் நாட்டுச் சட்டமும் இந்த இடத்துக்கு வர நாளாயிற்று. ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னார்கள். 2023ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இதெல்லாம் பத்திரிகையில் படித்தவன்தான் நான். படித்ததும் நம் சங்க நோட்டும் ஒன்றுதான் என்று தோன்றவில்லை.

சங்கத்தில் பேசி, சிகிச்சைக் குறிப்பு இருந்த இடத்தையே பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டோம். தேவையில்லாததை வைத்துக்கொள்ளாமல் இருப்பது பூட்டுப் போடுவதைவிட நிம்மதி. எந்த மாற்றம் செய்தாலும் இனி இரண்டு பேர் தனித்தனியாக உள்ளே போய்ப் பார்ப்பது என்று விதி வைத்திருக்கிறோம். ஒருவர் பார்த்தால் அவருடையது தெரிகிறதா என்று மட்டும்தான் தெரியும். இரண்டாமவர் பார்த்தால்தான் அடுத்தவருடையது தெரியாமல் இருக்கிறதா என்பதும் தெரியும்.

அந்த இரண்டாவது ஆளாக இருக்கச் சம்மதித்தவர் என் நண்பர்தான். நான் கேட்கவில்லை. போன மாதக் கூட்டத்துக்கு வந்தார், போனை எடுத்துத் தன் பக்கத்தைத் திறந்தார், பிறகு என்னைப் பார்த்து, "உங்க கடன் எண் என்ன சார், சொல்லுங்க" என்றார். சொன்னேன். முகவரியில் அந்த எண்ணைப் போட்டார். அப்படி ஒரு பக்கம் இல்லை என்று வந்தது. அடுத்த எண்ணையும் போட்டுப் பார்த்தார். வரவில்லை. டீ குடித்துவிட்டுத்தான் போனார்.

வரும் பௌர்ணமிக்குச் சேர்ந்து நடப்பதாக இருக்கிறோம். அண்ணிக்கு இப்போது பரவாயில்லை.